பொய் அதிகாரமும் மெய் அறிக்கையும்

அரசின் ஆணைக்குப் பணிந்து நடத்தல் நற்குடிமக்களின் கடமை என்பதில் நமக்கு ஐயமில்லை. பிறந்த மண்ணை விட்டு வேற்று மாநிலங்களில் தொழில் செய்து வாழும் நாம், சட்டத்தின் காவல் எத்துணை இன்றியமையாதது என்பதையும் நன்கு அறிவோம். கிறிஸ்தவ மறையும் இதற்கு மாறாகக் கூறவில்லை. ஆளும் அதிகாரம் இறைவனால் அமைக்கப்பட்டது என்பதைப் பவுல் அடிகள் உரோமருக்கு எழுதிய நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தில் விளக்குகிறார். எனினும், அதே மறைநூலில் அப்போஸ்தலர் நடபடிகளின் 5ஆம் அதிகாரம், போதிக்கலாகாது என்று தடை விதித்த ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று, இறைவன் கட்டளையே தமக்கு முந்தியது எனக் கூறி மறுத்த பேதுருவைக் காட்டுகிறது. அங்ஙனமாயின், எந்த அதிகாரத்திற்குப் பணிவது? எதனை மறுப்பது?

ஏட்டில் இருந்த இவ்வினா, ஜெர்மனியின் புராட்டஸ்டண்டு திருச்சபைக்கு 1933ஆம் ஆண்டில் வாழ்வா சாவா என்னும் வினாவாயிற்று. அவ்வாண்டு ஜனவரி 30ஆம் நாள் ஹிட்லர் பிரதம அமைச்சரானார். ஏப்ரல் மாதத்தில், யூத வழியில் வந்தோரை அரசுப் பணியினின்று நீக்கும் சட்டம் பிறந்தது. திருச்சபைக்குள்ளேயே, 'ஜெர்மானியக் கிறிஸ்தவர்' என்று தம்மை அழைத்துக்கொண்ட ஒரு கட்சி ஹிட்லரைப் போற்றி எழுந்தது. ஜூலையில் நடந்த திருச்சபைத் தேர்தல்களில் பெருவெற்றி பெற்ற அக்கட்சியினர், செப்டம்பரில் பிரஷ்யத் திருச்சபையின் பேரவையில் அச்சட்டத்தின் விதியைப் போதகர்களுக்கும் விரித்தனர். ஞானஸ்நானம் பெற்றவராயினும், யூதக் குருதி உடையவர் மேடையேறிப் போதிக்கலாகாது என்பது இதன் பொருள். நவம்பரில் பெர்லினில் கூடிய பெருங்கூட்டத்தில், பழைய ஏற்பாட்டையே விலக்கிவிட வேண்டும் என்ற குரலும் எழுந்தது.

ஈண்டு நாம் ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். பொய் அதிகாரம் ஆலயத்தை இடித்துக்கொண்டு வரவில்லை. தேர்தலில் வென்று, மறைமொழிகளைப் பேசிக்கொண்டு, முன்வாயில் வழியாகவே நுழைந்தது. ஆகவேதான் அதனை அறிந்துகொள்வது அரிதாயிற்று.

எதிர்ப்பும் உள்ளிருந்தே எழுந்தது. மார்ட்டின் நீமோலர் என்னும் பெர்லின் போதகர், 1933 செப்டம்பரில் போதகர்களின் அவசரகாலச் சங்கம் ஒன்றை நிறுவினார். அடுத்த ஆண்டு மே 29 முதல் 31 வரை, இன்றைய வுப்பர்டால் நகரின் பகுதியாகிய பார்மெனில் 139 பிரதிநிதிகள் கூடி, ஆறு கூறுகள் கொண்ட பிரகடனம் ஒன்றை ஒருமனதாக ஏற்றனர். அதனை வரைந்தவர்களுள் முதன்மையானவர் கார்ல் பார்த் என்னும் இறையியல் பேராசிரியர். இவ்வாறு உருவானதே 'அறிக்கையிடும் திருச்சபை'.

பிரகடனத்தின் முதற்கூறு, திருச்சபை செவிகொடுக்க வேண்டிய இறைவாக்கு கிறிஸ்து ஒருவரே என்கிறது. தலைவர், இனம், நாடு ஆகியவற்றை அவருக்கு இணையாக வைத்தல் தகாது என்பது இதன் கருத்து. ஐந்தாம் கூறு அரசைப் பற்றியது. நீதியையும் அமைதியையும் காத்தல் அரசின் பணி என்று அது நன்றியுடன் ஒப்புகிறது. ஆனால் மனித வாழ்வு முழுவதையும் அரசே தன் வசமாக்கிக்கொள்ள முற்படுவதை மறுக்கிறது. நாம் தேடிய விடை இங்கேதான் உள்ளது. கடுமையாய் இருப்பதனால் மட்டும் ஓர் அதிகாரம் பொய்யாகிவிடாது. தனக்கு உரியதல்லாததை, மனச்சான்றையும் வழிபாட்டையும், கேட்கும்போதே அது பொய்யாகிறது.

இவ்வாறு மறுத்தவர்கள் அதற்குரிய விலையையும் கொடுத்தனர். ஹிட்லருக்கு வரம்பற்ற உறுதிமொழி அளிக்க மறுத்த பார்த், 1935இல் பதவி இழந்து தம் தாயகமான சுவிட்சர்லாந்துக்குத் திரும்பினார். 1937இல் கைதான நீமோலர், 1945 வரை சிறையிலும் வதைமுகாம்களிலும் கிடந்தார். பால் ஷ்னைடர் என்னும் சிற்றூர்ப் போதகர், தடையை மீறித் தம் சபையாரிடம் திரும்பியதற்காகப் பிடிபட்டு, புகன்வால்ட் முகாமின் தனிச்சிறையிலிருந்தும் மற்றக் கைதிகளுக்கு உரத்த குரலில் ஆறுதல் கூறி, 1939இல் கொல்லப்பட்டார்.

எனினும், இவர்களை வணங்குவதோடு நாம் நின்றுவிடுதல் உண்மைக்கு ஒவ்வாது. பார்மென் பிரகடனத்தில் துன்புற்ற யூதர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. திருச்சபையின் உரிமைக்காக எழுந்த குரல், அடுத்த வீட்டாரின் உயிருக்காகப் பொதுவாக எழவில்லை. டீட்ரிஷ் போன்ஹோபர் என்னும் இளம் போதகர் 1933இலேயே இக்குறையைக் கண்டவர். அரசின் செயல் முறையானதா என்று வினவுதல், பாதிக்கப்பட்டவர் எம்மதத்தினராயினும் அவருக்கு உதவுதல், தேவைப்படின் அநீதியின் சக்கரத்தையே தடுத்து நிறுத்துதல் என மூன்று கடமைகளை அவர் வகுத்தார். அவரும் 1945 ஏப்ரல் 9ஆம் நாள், தம் 39ஆம் வயதில், தூக்கிலிடப்பட்டார்.

போர் முடிந்தபின், அதே ஆண்டு அக்டோபரில், ஸ்டட்கார்ட் நகரில் கூடிய திருச்சபைத் தலைவர்கள் தங்கள் துணிவு போதவில்லை என்று தங்கள்மீதே குற்றம் சுமத்திக்கொண்டனர். அப்போதும் யூதர் என்னும் பெயர் அதில் இடம்பெறவில்லை. யூதர் துயரைப் போராட்டத்தின் நடுப்பொருளாக்கத் தவறியது தம் குற்றமே என்பதைப் பார்த் 1967இல் கடிதம் ஒன்றில் ஒப்புக்கொண்டார்.

தமிழ்க் கிறிஸ்தவ வழக்கில் 'அறிக்கை' என்னும் சொல்லுக்கு இரு பயன்கள் உண்டு. விசுவாசத்தை வெளிப்படச் சொல்லுதலும் அறிக்கை. பாவத்தை ஒப்புக்கொள்ளுதலும் அறிக்கை. ஜெர்மனியின் அனுபவம் இவ்விரண்டையும் இணைத்தே நமக்குக் கற்பிக்கிறது. தம் வழிபாட்டில் அதிகாரம் கைவைத்தபோது மறுத்துரைத்தவர்கள் போற்றத்தக்கவர்களே. ஆனால் பிறர் வாயிலில் அது கைவைத்த அன்றே மறுத்துரைத்திருப்பின், பின்னர் செய்ய நேர்ந்த அறிக்கை தேவைப்பட்டிராது. எம்மதத்தைச் சார்ந்தவராயினும், நாம் நெஞ்சில் இருத்தத்தக்க பாடம் இதுவே.