டின் பாலுக்குப் பதிலாக வீட்டிலேயே காப்பிக் கிரீமர்



பெரட்டுக்குப் போகும் முன், இருட்டோடு எழுந்து குடித்த காப்பி உங்களில் பலருக்கு இன்றும் நினைவிருக்கும். அன்று அந்தக் காப்பிக்கு வேலை இருந்தது. நானூறு ஐந்நூறு மரம் சீவி, பால் எடுத்து, வாளி சுமந்து திரும்பும்போது அதில் இருந்த சீனி எல்லாம் உடம்பில் கரைந்து போயிருக்கும். இன்று நீங்கள் பீடோங்கிலோ, சுங்கை பட்டாணியிலோ, கூலிமிலோ, பாடாங் செராயிலோ தாமான் வீட்டில் பிள்ளைகளோடு இருக்கிறீர்கள். தோட்டத்திலேயே தங்கிவிட்டவர்களும் மரம் சீவுவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். வேலை நின்றுவிட்டது, காப்பி மட்டும் அதே இனிப்போடு தொடர்கிறது.

காப்பியை விடச் சொல்லி இந்தக் கையேட்டை எழுதவில்லை. அதில் ஊற்றும் டின்னைப் பற்றியும், அதற்குப் பதிலாக அதிகச் செலவில்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒன்றைப் பற்றியும் சொல்லத்தான் எழுதுகிறோம்.

டின்னில் இருப்பது பாலா?

நம் வீடுகளில் அதை 'டின் பால்' என்றுதான் சொல்வோம். இந்தக் கையேட்டைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோது 'கிரீமர்' என்பதற்கு ஒரு நல்ல தமிழ்ச் சொல் தேடினோம். 'பால்' என்று எழுதிவிட்டால் எல்லாருக்கும் எளிதாகப் புரியும். ஆனால் அது உண்மையாக இருக்காது. அதனால் 'கிரீமர்' என்றே விட்டுவிட்டோம்.

கடையில் டின்னைத் திருப்பிப் பாருங்கள். இன்று விற்கும் டின்களில் பெரும்பாலானவற்றில் 'கிரீமர் மானிஸ்' அல்லது 'கிரீமர் பெக்காட் மானிஸ்' என்று மலாயில் எழுதியிருக்கும். 'சூசு பெக்காட் மானிஸ்' என்று எழுதிய டின் வேறு. அதுதான் பாலைச் சுண்டக் காய்ச்சிச் சீனி சேர்த்தது. கிரீமரில் பாலின் கொழுப்பை எடுத்துவிட்டுச் செம்பனை எண்ணெய் சேர்த்திருப்பார்கள். பால் சத்து கொஞ்சம்தான் இருக்கும்.

டின்னில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியலை, எடை அதிகமானது முதலிலும் குறைவானது கடைசியிலுமாக எழுதுவது வழக்கம். கிரீமர் டின்னில் பெரும்பாலும் முதலில் வருவது 'குலா', அதாவது சீனி. அடுத்தடுத்து 'மின்யாக் சாவிட்' வரும். அது செம்பனை எண்ணெய். எழுத்து பொடியாக இருந்தால் பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

டின்னின் எடையில் ஏறக்குறைய பாதி சீனி. 500 கிராம் டின் என்றால் 250 கிராம், அதாவது ஐம்பது தேக்கரண்டி. இரண்டு மேசைக்கரண்டி ஊற்றிக் குடிக்கும் ஒரு காப்பியில் நாலு தேக்கரண்டி சீனி போய்விடுகிறது. காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று என்றால் பன்னிரண்டு தேக்கரண்டி. இதில் மேலே தனியாகப் போடும் சீனியைச் சேர்க்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட அறிவுரைப்படி, சேர்க்கும் சீனி ஒரு நாளைக்குப் பத்துத் தேக்கரண்டியைத் தாண்டக்கூடாது. ஐந்து தேக்கரண்டிக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது.

2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பது தெரியவந்தது. இந்தியர்களிடையே இந்த அளவு மற்றவர்களைவிட அதிகம். இது எல்லாம் காப்பியால் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் மூன்று வேளையும் குறைக்கக்கூடிய ஒரு பொருள் கையில் இருக்கும்போது அதிலிருந்து தொடங்குவது சுலபம்.

வீட்டில் செய்வது எப்படி?

தேவையானது பால்மாவும் தண்ணீரும்தான். பால்மாவு வாங்கும்போது ஓர் இடத்தில் கவனம் வேண்டும். 'சூசு தெபுங் பெனூ கிரிம்' என்று எழுதியிருந்தால் அது முழுக்கொழுப்புப் பால்மாவு. அது வேண்டியதுதான். வெறும் 'கிரீமர்' என்று எழுதியிருந்தால் அது எண்ணெயும் மாவுச் சர்க்கரைப் பாகும் கலந்த தூள். 'கிரிம்', 'கிரீமர்' இரண்டும் காதுக்கு ஒன்று போலக் கேட்கும், பொருள் வேறு. கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் கொழுப்புக் குறைந்த பால்மாவு வாங்கலாம். குழந்தைகளுக்கான பால்மாவு வேண்டாம். விலையும் அதிகம், காரணமும் இல்லை.

ஒரு கோப்பைத் தண்ணீரை, அதாவது 200 மில்லியைக் கொதிக்க வைத்து இறக்குங்கள். அதில் கால் பங்கைத் தனியாக ஊற்றி வெதுவெதுப்பாக ஆற விடுங்கள். எட்டு மேசைக்கரண்டி பால்மாவை, தலைதட்டி அளந்து, ஒரு கிண்ணத்தில் போட்டு, ஆறிய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கட்டியில்லாமல் குழையுங்கள். தோசை மாவு பதத்துக்கு வந்ததும் மீதிச் சுடுதண்ணீரை ஊற்றிக் கலக்குங்கள். கொதிக்கும் தண்ணீரில் மாவை நேராகக் கொட்டினால் உருண்டை உருண்டையாகிவிடும், பிறகு எவ்வளவு கிண்டினாலும் கரையாது. கலந்ததைச் சின்னத் தீயில் மூன்று நாலு நிமிடம் வைத்துக் கிண்டிக்கொண்டே இருங்கள், பொங்க விடாதீர்கள். இரண்டு ஏலக்காயைத் தட்டிப் போட்டால் வாசனை வரும். சுக்கு பிடித்தவர்கள் ஒரு துண்டு போடலாம். ஆறியதும் வடிகட்டி, வெந்நீரில் கழுவிக் காயவைத்த கண்ணாடிப் போத்தலில் ஊற்றி ஐஸ்பெட்டியில் வையுங்கள்.

இது ஆறு காப்பிக்கு வரும். ஒரு காப்பிக்கு ஏறக்குறைய இரண்டரை மேசைக்கரண்டி சரியாக இருக்கும்.

உண்மையைச் சொல்வதானால், முதல் வாரம் பிடிக்காது. டின் கிரீமரின் பிசுபிசுப்பு இதில் கிடையாது. அதனால் சீனியை ஒரேயடியாக நிறுத்தாமல், முதல் வாரம் காப்பிக்கு இரண்டு தேக்கரண்டி, அடுத்த வாரம் ஒன்றரை, அதற்கு அடுத்த வாரம் ஒன்று என்று இறங்குங்கள். நாக்கு பழகிக்கொள்ளும். சீனிக்குப் பதிலாக நாட்டுச் சக்கரை, கருப்பட்டி, தேன், குலா மலாக்கா போட்டால் ஆபத்தில்லை என்று பலர் நம்புகிறார்கள். ரத்தத்தில் போய்ச் சேரும்போது அவையும் சீனிதான்.

பாலிலும் இயல்பான ஓர் இனிப்பு உண்டு. நாம் செய்த கிரீமர் ஊற்றிய ஒரு காப்பியில் அது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக இருக்கும். டின் கிரீமரின் நாலு தேக்கரண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூடவே பாலின் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கின்றன. பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்கள் இனிப்பில்லாத சோயாப் பாலைச் சூடாக்கி ஊற்றிக்கொள்ளலாம். காப்பி மிகச் சூடாக இருந்தால் சோயாப் பால் திரியும், கொஞ்சம் ஆறிய பிறகு ஊற்றுங்கள்.

செலவு கட்டுப்படியாகுமா?

பால்மாவுப் பையின் விலையைப் பார்த்ததும் தயக்கம் வருவது இயல்பு. பையை விட்டுவிட்டு, ஒரு கோப்பைக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். ஒரு கிலோ பால்மாவு 30 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஒரு காப்பிக்கு 10 கிராம் மாவு, அதாவது 30 சென். 500 கிராம் கிரீமர் டின் 4 வெள்ளி என்றால், காப்பிக்கு 40 கிராம் வீதம் பன்னிரண்டு காப்பிதான் வரும். ஒரு காப்பிக்கு 33 சென். உங்கள் கடை விலையைப் போட்டு நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பெரிய மிச்சம் இல்லை என்றாலும் கைக்காசு கூடப் போகாது. மூன்றும் ஒன்றாகக் கலந்த காப்பிப் பொட்டலங்கள் வாங்குகிறவர்களுக்கு மிச்சம் நன்றாகவே தெரியும்.

மேசையில் வைக்கக்கூடாது

டின்னில் இரண்டு துளை போட்டு, எறும்பு ஏறாமல் தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவே வைப்பது நம் வீடுகளின் பழைய வழக்கம். டின் கிரீமர் அப்படி நாள் கணக்கில் கெடாமல் இருப்பதற்குக் காரணம் அதே சீனிதான். அவ்வளவு சீனியில் கிருமிகளுக்குத் தேவையான நீர் கிடைப்பதில்லை. ஊறுகாயை உப்பு காப்பது போலத்தான் இதுவும். நாம் செய்வதில் சீனி இல்லை, காப்பாற்ற ஒன்றும் இல்லை. நம் வெயிலில் மேசையில் இருந்தால் சில மணி நேரத்தில் புளித்துவிடும். ஐஸ்பெட்டியில் மூன்று நாள் வைக்கலாம். செய்த கிழமையைப் போத்தலில் எழுதி ஒட்டுங்கள். ஈரக் கரண்டி போடாதீர்கள். புளித்த வாடை வந்தாலும் திரிந்திருந்தாலும் கொட்டிவிடுங்கள்.

ஐஸ்பெட்டி இல்லாத வீடுகளில் செய்து வைக்கவே வேண்டாம். காப்பி போடும்போது ஒரு மேசைக்கரண்டி நிறையப் பால்மாவை இரண்டு கரண்டி வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து அப்படியே ஊற்றிக்கொள்ளுங்கள்.

பேரப்பிள்ளைகள் இருக்கும் வீட்டில்

சிங்கப்பூரில் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்ற குழந்தை மருத்துவர், 1939-இல் அங்குள்ள ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசினார். தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்பு டின் பாலைக் கரைத்துக் கொடுத்ததால் குழந்தைகள் இறந்ததைத்தான் அவர் அப்படி வெளிப்படையாகச் சொன்னார். அன்றைய டின்னிலாவது பால் இருந்தது. இன்றைய கிரீமரில் அதுவும் குறைவு. 'உங்கள் அப்பாவை இதைக் கொடுத்துத்தான் வளர்த்தேன்' என்று சொல்கிற பாட்டிகள் உண்டு. அவர்கள் மனம் நோகச் சொல்லவில்லை. அன்று வேறு வழி இருந்திருக்காது. இன்று குழந்தைக்கு டின் கிரீமரைக் கரைத்துக் கொடுக்கக்கூடாது. நாம் மேலே சொன்ன வீட்டுக் கிரீமரும் கைக்குழந்தைக்கு ஆகாது.

கிளினிக்கில் கேட்டுக்கொள்ள வேண்டியவர்கள்

இன்சுலின் ஊசி போடுகிறவர்களும் இனிப்புநீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் காப்பியில் சீனியைக் குறைக்கும் முன் உங்கள் கிளினிக் கெசிஹாத்தானில் சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவு, நீங்கள் இதுவரை குடித்த இனிப்புக் காப்பிக்கு ஏற்ப அமைந்திருக்கலாம். சீனி திடீரென்று குறைந்தால் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், தலை சுற்றும். அப்போது வீட்டுக் கிரீமர் போட்ட காப்பி உதவாது. ஒரு மேசைக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடியுங்கள். பதினைந்து நிமிடத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை குடித்துவிட்டு, யாரையாவது கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 999-ஐ அழையுங்கள்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கும் பாலில் உள்ள பாஸ்பரஸும் பொட்டாசியமும் கூடிப்போகலாம். தூள் கிரீமரிலும் பாஸ்பேட் உப்பு சேர்ப்பதுண்டு. எவ்வளவு குடிக்கலாம் என்பதை உணவியல் அதிகாரியிடம் கேளுங்கள்.

தைராய்டு மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் காப்பியோடு விழுங்காதீர்கள், பாலோடும் வேண்டாம். வெறும் தண்ணீரில் விழுங்கி, தைராய்டு மாத்திரைக்குப் பிறகு ஒரு மணி நேரம் விட்டுக் காப்பி குடியுங்கள்.

ஒட்டுக்கடையில் குடிக்க நேர்ந்தால் 'கூராங் மானிஸ்' என்று சொன்னால் இனிப்பைக் குறைத்துத் தருவார்கள். ஆனால் கிரீமரே இனிப்பு என்பதால் அது ஓரளவுதான் குறையும். 'கோப்பி ஓ கோசோங்' என்றால் சீனியும் கிரீமரும் இல்லாத கறுப்புக் காப்பி வரும். அதில் வீட்டிலிருந்து பொட்டலமாக எடுத்துப்போன பால்மாவைக் கலந்துகொள்ளுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், இரண்டாம் நாள் பழகிவிடுவார்.