ஆய்வுரையும் அறிவுக் கருவியும்

கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் கொல்லிமலை தொன்மையும் வளமும் உடையது. வில்லாற்றலும் கொடைத்திறமும் ஒருங்கே வாய்ந்த வல்வில் ஓரி ஆண்ட மலை என்று சங்க நூல்கள் இதனைப் போற்றுகின்றன. இம்மலைமேல் அறப்பளீசுவரர் கோயிலை அடுத்து ஆகாயகங்கை என்னும் அருவி வீழ்கின்றது. அந்நீர் அய்யாறு என்னும் பெயருடன் பாறைகளுக்கிடையே பாய்ந்து மலையடிவாரத்தை அடைகின்றது. அங்கு அமைந்துள்ள சிற்றூரே புளியஞ்சோலை. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் துறையூர் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூருக்கு நீராட வருவோர் பலர். செடிகொடிகளை ஆராய வருவோர் சிலர். அச்சிலருடைய பணி எத்தகையது? அப்பணியில் இந்நாளில் புகுந்துள்ள புதுக் கருவி யாது? அதனைக் கையாள்வதற்கு வகுக்கப்பட்டுள்ள விதிகள் யாவை? இவற்றை இப்பாடத்தில் காண்போம்.

தாவரங்களை ஆராய்பவர் ஒருவர் புளியஞ்சோலைக்கு வருகின்றார் எனக் கொள்வோம். அவர் காட்டில் நடந்து ஒரு செடியைக் காண்கின்றார். அதன் இலை, பூ, காய் ஆகியவற்றை நோக்குகின்றார். பூவோடு கூடிய ஒரு கிளையை எடுத்துத் தாள்களுக்கிடையே வைத்து அழுத்தி உலர்த்துகின்றார். பின்னர் அதனைத் தடித்த தாளில் ஒட்டி, கண்ட இடம், நாள், எடுத்தவர் பெயர், வரிசை எண் ஆகியவற்றை அதன் ஓரத்தில் எழுதுகின்றார். இத்தகைய தாள்களைப் பாதுகாத்து வைக்கும் இடத்திற்கு ஹெர்பேரியம் அல்லது உலர்தாவரத் தொகுப்பகம் என்று பெயர். திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் உள்ள ராபினாட் ஹெர்பேரியம் அத்தகையது. அதனை வளர்த்த அருட்தந்தை கே. எம். மாத்யூ, கொல்லிமலை உள்ளிட்ட தமிழகத்துப் பகுதிகளின் தாவரங்களைப் பல்லாண்டு ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியின் பயனாக 1981ஆம் ஆண்டு முதல் பெருந்தொகுதிகள் வெளிவந்தன.

உலர்ந்த தாளைப் போற்றி வைப்பது எதற்காக? "இச்செடி இம்மலையில் உள்ளது" என்று ஓர் ஆய்வாளர் எழுதினால், "எங்கே? காட்டுக" என்று மற்றொருவர் கேட்கலாம். ஐம்பது ஆண்டு கழித்துக் கேட்பினும், அத்தாளை எடுத்துக் காட்ட இயலும். எழுதியவர் பிழைபட்டிருந்தால், அப்பிழையையும் அதே தாள் காட்டிவிடும். ஆய்வுரையின் ஒவ்வொரு கூற்றுக்கும் பின்னால் ஒரு சான்று இருத்தல் வேண்டும். அச்சான்றுக்குப் பொறுப்பேற்கும் மனிதர் ஒருவரும் இருத்தல் வேண்டும். அறிவியல் உலகம் இந்நம்பிக்கையின்மீதே நிற்கின்றது.

இவ்வுலகில் 2022ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஒரு புதுக் கருவி வந்து புகுந்தது. ஓப்பன்ஏஐ என்னும் அமெரிக்க நிறுவனம் சாட்ஜிபிடி என்பதனை அவ்வாண்டு பொதுமக்கள் கைக்கு அளித்தது. அதனைத் தொடர்ந்து அத்தகைய கருவிகள் பல தோன்றின. வினாவை எழுதினால் விடை தருகின்றன, கட்டுரை கேட்டால் கட்டுரை தருகின்றன, படமும் வரைகின்றன. இவற்றைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் என்பர்.

இக்கருவி எவ்வாறு எழுதுகின்றது? அளவிறந்த நூல்களும் கட்டுரைகளும் இதற்கு முன்னரே ஊட்டப்பட்டுள்ளன. ஒரு சொல்லை அடுத்து எச்சொல் வருதல் இயல்பு என்பதனை அவற்றிலிருந்து கணித்து, சொல்லோடு சொல் தொடுத்து எழுதுகின்றது. நூற்றுக்கணக்கான திருமண அழைப்பிதழ்களைப் படித்தவன் ஒருவன், புதியதோர் அழைப்பிதழைப் பிழையின்றி எழுதிவிடுவான். மணமகன் பெயர், மணமகள் பெயர், நாள், முகூர்த்தம், மண்டபம் யாவும் அதில் முறையாக இருக்கும். ஆயினும் அப்படி ஒரு திருமணம் உண்டா என்பதனை அவ்வழைப்பிதழ் கொண்டு அறிய முடியுமா? முடியாது. கருவி தரும் கட்டுரையும் அத்தன்மையதே. அதன் நடை செம்மையாக இருப்பதால் அதன் செய்தியும் உண்மை என்று கொள்ளுதல் கூடாது. மேலும், இணையத்தில் ஆங்கில எழுத்தைவிடத் தமிழ் எழுத்து மிகக் குறைவு. ஆதலின் நம் ஊர், நம் செடி, நம் வழக்கம் பற்றிய வினாக்களுக்கு அது தவறான விடை தருவதற்கு இடம் மிகுதி.

இக்கருவி வெளிவந்த சில திங்களுக்குள்ளேயே, ஆய்வுரைகள் சிலவற்றில் அதன் பெயர் ஆசிரியர் வரிசையில் இடம்பெற்றது. அறிவியல் இதழ்கள் விழித்துக்கொண்டன. 'நேச்சர்' இதழ் 2023ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தன் விதிகளை அறிவித்தது. பதிப்பு நெறிமுறைக் குழு பிப்ரவரியிலும், மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு மே திங்களிலும் தத்தம் நிலையை வெளியிட்டன. சொற்கள் வேறுபடினும் இவ்விதிகளின் கருத்து பெரும்பாலும் ஒன்றே. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதல் விதி, கருவி ஆசிரியர் ஆகாது என்பது. ஆசிரியர் என்பார் எழுதியவர் மட்டும் அல்லர். எழுதியதற்கு விடையளிக்கக் கடமைப்பட்டவரும் ஆவர். ஐயம் எழுந்தால் விளக்கம் தரவும், பிழை நேர்ந்தால் திருத்தவும், தீங்கு விளைந்தால் அதற்குப் பொறுப்பேற்கவும் அவர் வேண்டும். கருவி புளியஞ்சோலைக் காட்டில் நடந்ததில்லை; செடியைக் கண்டதில்லை. "இதனை நான் எழுதினேன், இதற்கு நானே பொறுப்பு" என்று கையொப்பமிட அதனால் இயலாது. பொறுப்பு இல்லாத இடத்தில் ஆசிரியர் என்னும் பெயருக்கு இடமில்லை.

இரண்டாம் விதி, பெற்ற உதவியை வெளிப்படக் கூறுதல். எக்கருவியை, எப்பகுதியில், எதற்காகப் பயன்படுத்தினோம் என்பதனை ஆய்வுரையிலேயே குறித்தல் வேண்டும். இப்பண்பு தமிழுக்குப் புதியதன்று. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியையும், 1894ஆம் ஆண்டு புறநானூற்றையும் பதிப்பித்தார். ஏட்டுச்சுவடிகள் எங்கெங்கிருந்து கிடைத்தன, அவற்றைத் தந்தவர் யார், உதவியவர் யார் என்பதனை அவர் தம் முகவுரைகளில் நன்றியுடன் எழுதினார். சுவடிகளில் கண்ட பாட வேறுபாடுகளையும் மறையாது காட்டினார். அதனால் அவர் பெருமை குறைந்ததா? இல்லை, அவர் பதிப்பின்மீது அறிஞர்க்கு இருந்த நம்பிக்கை உயர்ந்தது. உதவி பெறுதல் இழுக்கன்று. அதனை மறைத்தலே இழுக்கு.

இவ்விதியைப் பற்றி மற்றொன்றும் அறிதல் வேண்டும். தமிழ்வழியில் பயின்ற மாணவர் ஒருவர் ஆங்கிலத்தில் ஆய்வுரை எழுதும்போது, இலக்கணப் பிழைகளைத் திருத்த இக்கருவி பெரிதும் துணைபுரியும். நல்ல கருத்து உடையவர் மொழிக்குறையால் பின்தங்காமல் இருக்க அது வழி செய்கின்றது. இத்தகைய மொழித் திருத்தத்தைக் குறிப்பிட வேண்டியதில்லை என்று சில இதழ்கள் கூறும். அதனையும் குறிப்பிட வேண்டும் என்று வேறு சில கூறும். ஆதலின், அனுப்பவிருக்கும் இதழின் விதியை முதலில் படித்தறிதல் நன்று.

மூன்றாம் விதி, ஒவ்வொன்றையும் சரிபார்த்தல். இதுவே விதிகளுள் தலையாயது எனலாம். இக்கருவி இல்லாத நூலை உள்ளதுபோல் காட்டும். அதற்கு ஆசிரியர் பெயரும் ஆண்டும் பக்க எண்ணும் கூடத் தந்துவிடும். 2023ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் வழக்கறிஞர்கள் சிலர் கருவி தந்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டினர். தேடிப் பார்த்தபோது அத்தகைய வழக்குகளே நடந்ததில்லை என்பது தெரிந்தது. நீதிபதி அவர்களுக்கு 5000 டாலர் தண்டம் விதித்தார். ஆய்வுரைக்கும் இதே இடர் உண்டு.

உண்மையான மேற்கோளின் ஆற்றலை அறிய நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்று போதும். புண்ணை ஆற்றும் மஞ்சளின் தன்மைக்கு 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் பாட்டிமார் அறிந்திருந்த மருந்து பிறர் உடைமை ஆயிற்று. இந்தியாவின் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழு அதனை எதிர்த்து, பழைய நூல்களையும் கட்டுரைகளையும் சான்றாகக் காட்டியது. 1997ஆம் ஆண்டு அக்காப்புரிமை நீக்கப்பட்டது. அச்சான்றுகளுள் கற்பனையான நூல்கள் கலந்திருந்தால் நம் வழக்கின் வலிமை என்னாகியிருக்கும் என்பதனை எண்ணிப் பாருங்கள்.

செடிகளைப் பற்றிய எழுத்தில் பிழை நேர்ந்தால் உயிருக்கே இடர் வரலாம். தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள். அதன் கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் என்னும் பொருள் உள்ளது. அது சிறிதளவில் கீல்வாதத்திற்கு மருந்து. அளவு மிகுந்தால் கொடிய நஞ்சு. அளவைக் குறிக்கும் எண்ணில் ஒரு புள்ளி இடம் மாறினும் மருந்து நஞ்சாகிவிடும். கரிசலாங்கண்ணி என்னும் பெயரோ வெள்ளைப் பூ உடையதற்கும் மஞ்சள் பூ உடையதற்கும் பொதுவாக வழங்குகின்றது. அவை இரண்டும் வெவ்வேறு செடிகள். ஊர்ப்பெயரைக் கேட்டு எழுதும் கருவி இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடும். உலர்தாவரத் தாளை ஒப்புநோக்கும் மனிதரே இதனைத் தெளிய இயலும்.

நான்காம் விதி, காணாததைக் கண்டதாகக் காட்டலாகாது என்பது. செய்யாத சோதனைக்கு எண்களையும், காணாத உயிருக்குப் படங்களையும் கருவியைக் கொண்டு உண்டாக்குதல் கூடாது. 2024ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அயல்நாட்டு அறிவியல் இதழ் ஒன்றில் எலியின் உடலமைப்பை விளக்கும் படம் வெளிவந்தது. உறுப்புகள் இயற்கைக்கு மாறாக இருந்தன. அருகே எழுதப்பட்ட சொற்களோ எம்மொழியிலும் இல்லாதவை. சில நாள்களிலேயே அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அப்படங்களைக் கருவி வரைந்தது என்பதனை ஆசிரியர்கள் கட்டுரையில் மறைக்கவில்லை. எனினும் என்ன பயன்? இரண்டாம் விதியைக் காத்தவர்கள் மூன்றாம் விதியைக் கைவிட்டனர். வெளிப்படக் கூறுதல் மட்டும் பிழையை மெய்யாக்கிவிடாது.

ஐந்தாம் விதி, பிறர் நம்பிக் கொடுத்ததைக் காத்தல். அச்சேறாத ஆய்வுரையை மதிப்பிடுமாறு பெற்றவர், அதனை வெளியார் கருவியில் இட்டு முடிவு கேட்டல் ஆகாது என்று இதழ்கள் விதித்துள்ளன. இட்ட செய்தி எங்கே சேமிக்கப்படும், யார் கைக்குச் செல்லும் என்பது இட்டவர்க்குத் தெரியாது. இவ்விதியின் கருத்தை நாம் மேலும் விரித்துப் பார்க்கலாம். கொல்லிமலையில் மலைவாழ்வோர் என்னும் பொருளில் மலையாளி எனப் பெயர் பெற்ற பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். அவர்களுள் முதியவர் ஒருவர் ஒரு மூலிகையின் பயனை நம்பி உரைத்தால், அவ்வுரை அவருடைய முன்னோர் ஈட்டிய செல்வம். அவர் இசைவின்றி அதனைக் கருவியில் இடுதல் முறையாகுமா? மஞ்சளின் கதை இதற்கு நல்ல எச்சரிக்கை.

இவ்விதிகளை மீறுவோரைக் கண்டறியக் கருவியே போதாதா என்று சிலர் வினவலாம். பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டு எழுத்துத் திருட்டைத் தடுக்க விதிகள் வகுத்தது. ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்திருக்கும் பகுதி நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்டால் திருத்தம் வேண்டும். அறுபதுக்கு மேற்பட்டால் பதிவே நீக்கப்படும் என்று அவ்விதிகள் கூறின. ஆனால் செயற்கை நுண்ணறிவுக் கருவி பெரும்பாலும் பிறர் சொற்றொடரை அப்படியே எடுத்து வைப்பதில்லை. ஆதலின் ஒப்புமைக் கணக்கு அதனைப் பிடிக்கத் தவறும். கருவியின் எழுத்தைக் கண்டறியவென்று ஓப்பன்ஏஐ நிறுவனமே ஒரு சோதனைக் கருவியை வெளியிட்டது; அதன் துல்லியம் குறைவு என்று கூறி 2023ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அதனை நிறுத்திவிட்டது. குற்றமற்றவர்மீது பழி சுமத்தவும், குற்றமுடையவரை விட்டுவிடவும் அத்தகைய சோதனை இடந்தரும். ஆகவே, வெளியே நிற்கும் காவலைவிட உள்ளத்தில் நிற்கும் நேர்மையே இங்குப் பெருங்காவல்.

மாணவர்களே, இவ்விதிகள் ஆய்வாளர்க்கு மட்டும் உரியவை என்று எண்ணற்க. பள்ளியில் ஒரு கட்டுரை எழுதும்போதும் இவை உங்களுக்குப் பொருந்தும். அறியாத சொல்லுக்குப் பொருள் கேட்கவும், எழுதியதில் பிழை காணவும் கருவியை நாடலாம். ஆனால் உங்களுக்காகச் சிந்திக்குமாறு அதனிடம் கேட்பின், இழப்பு உங்களுடையதே. கட்டுரையின் பயன் தாளில் நிறைந்த எழுத்தன்று. எழுதும்போது உள்ளத்தில் விளைந்த தெளிவு. அத்தெளிவைக் கருவியிடமிருந்து கடன் பெற இயலாது.

கருவிகள் நாளுக்கு நாள் மாறும். விதிகளும் அவற்றோடு திருத்தம் பெறும். மாறாதது ஒன்று உண்டு. "இதனை நீ எவ்வாறு அறிந்தாய்?" என்று ஒருவர் கேட்கும்போது, எழுதியவர் முகம் நிமிர்ந்து விடை சொல்லுதல் வேண்டும். அங்ஙனம் விடை சொல்ல இயலும் செய்தியை மட்டுமே தம் பெயரால் எழுதுதல் கற்றோர் கடமையாகும்.