பழிவாங்கும் படமா, அழுகிற படமா?

சனிக்கிழமை இரவு. சாப்பாடு முடிந்து, அக்காவின் பிள்ளைகள் தூங்கப் போனதும் தம்பி ஒரு படத்தைப் போட்டான். “நிக்கோலஸ் கேஜ் படம். பெண்டாட்டியைக் கொன்னவனுங்களைத் தேடிப் போய்ப் பழிவாங்குற கதை. ரத்தம் கொஞ்சம் அதிகமா இருக்கும், பரவாயில்லையா?” என்று கேட்டான். அத்தான் சந்தோஷமாகக் காலை நீட்டிக்கொண்டார்.

நாற்பதாவது நிமிடத்தில் அத்தானிடமிருந்து குறட்டைச் சத்தம். மரம் அறுக்கும் மின்வாளை வைத்துக்கொண்டு இரண்டு பேர் சண்டை போடும் கட்டத்தில்தான் விழித்தார். “இதைத்தானே முதல்லயே போட்டிருக்கணும்?” என்றார். அக்கா கடைசிவரை பார்த்தார். “எல்லாம் சரி, அவள் ஏன் சாகணும்?” என்று மட்டும் கேட்டார். தம்பியோ, “இது கவிதை. உங்களுக்குப் புரியல” என்று எழுந்து போய்விட்டான். ஒரு சோபாவில் உட்கார்ந்து பார்த்த ஒரே படத்துக்கு மூன்று தீர்ப்பு. அன்றைக்கு நான் அத்தான் கட்சி.

அந்தப் படத்தின் பெயர் ‘மேண்டி’. 2018ஆம் ஆண்டு ஜனவரியில் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டது. அன்றிலிருந்து இதைப் பார்த்தவர்கள் எங்கள் வீட்டைப் போலத்தான் பிரிந்து கிடக்கிறார்கள். விமர்சகர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பாராட்டினார்கள். பொது ரசிகர்களிடம் அந்த ஒற்றுமை இல்லை. பாதியில் நிறுத்தியவர்களும் உண்டு, பத்து முறை பார்த்தவர்களும் உண்டு. சுமார் 6 மில்லியன் அமெரிக்க டாலரில் எடுத்த படம், திரையரங்குகளில் அதில் பாதியைக்கூட வசூலிக்கவில்லை. ஆனாலும் அதற்கென்று ஒரு தீவிர ரசிகர் கூட்டம் உருவாகிவிட்டது.

கதை இதுதான்

ஆண்டு 1983. அமெரிக்காவில் மலைக்காட்டின் நடுவே ஒரு வீடு. ரெட் மில்லர் மரம் வெட்டும் தொழிலாளி. அவருடைய துணைவி மேண்டி படம் வரைபவர், ஒரு பெட்ரோல் நிலையக் கடையிலும் வேலை செய்கிறார். இருவரும் அதிகம் பேசுவதில்லை. பேசினாலும் உனக்கு எந்தக் கிரகம் பிடிக்கும் என்பது போன்ற பேச்சுதான்.

படத்தின் தொடக்கத்தில் ரெட் வேலை முடிந்து வண்டியோட்டி வருகிறார். வானொலியில் அதிபர் ரீகன், அமெரிக்காவில் பெரிய ஆன்மீக விழிப்பு வந்திருக்கிறது என்று பேசிக்கொண்டிருக்கிறார். ரெட் வானொலியை அணைத்துவிடுகிறார். என் தொழிலுக்கு அது கொஞ்சம் அவமானம்தான். ஆனால் அணைத்துவிட்டதால் மட்டும் அந்த ‘ஆன்மீகம்’ அவரை விடுவதாக இல்லை. ஜெரமையா சாண்ட் என்ற போலிச் சாமியார், சீடர்கள் புடைசூழ அந்த வழியாக வருகிறான். ஒரு காலத்தில் பாட்டுப் பாடி இசைத்தட்டு வெளியிட்டு, யாரும் கேட்காததால் கடவுளாகிவிட்டவன். சாலையோரம் நடந்து போகும் மேண்டியைப் பார்த்ததும் அவள் தனக்கு வேண்டும் என்கிறான். கடத்திக்கொண்டு வருகிறார்கள். அவள் அவனுக்கு இணங்கவில்லை. முள்கம்பியால் கட்டிப்போட்ட ரெட்டின் கண் முன்னாலேயே அவளை எரித்துக் கொல்கிறார்கள்.

அதன் பிறகுதான் பழிவாங்கல். ரெட் தன் கையால் ஒரு கோடரியை வார்த்தெடுக்கிறார். நரகத்திலிருந்து எழுந்து வந்தது போன்ற மோட்டார்சைக்கிள் கும்பலையும், சாமியாரையும் அவன் சீடர்களையும் தேடிப் போகிறார். வானம் சிவப்பாகவும் ஊதாவாகவும் மாறுகிறது. எது நிஜம், எது போதை, எது கனவு என்று சொல்ல முடியாதபடி ஓடி முடிகிறது படம்.

அத்தான் கட்சி: “எப்போ ஆரம்பிக்கும்?”

மொத்தம் இரண்டு மணி நேரப் படம். அதில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடிய பிறகுதான் ‘மேண்டி’ என்ற பெயரே திரையில் வருகிறது. அதுவரை எல்லாம் ஆமை வேகம். பேச்சும் மெதுவாக, முகங்கள் ஒன்றில் ஒன்று கரைந்து மாறுவதும் மெதுவாக. கேஜ் கோடரியோடு நிற்கும் சுவரொட்டியைப் பார்த்து உட்கார்ந்தவருக்கு ஏமாற்றம் வராமல் எப்படி இருக்கும்?

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. வானொலியில் வேலை செய்பவளுக்கு அமைதி என்றாலே பயம். அறிவிப்பு முடிந்து பாட்டு வர மூன்று விநாடி தாமதமானால் வயிற்றில் புளி கரைக்கும். இடைவெளி எங்கே விழுந்தாலும் உடனே எதையாவது போட்டு நிரப்பியே பழகிவிட்டது. இந்தப் படத்தில் நிரப்பாத இடங்கள்தான் பாதி.

தம்பி கட்சி: “அது துக்கம், அக்கா”

இயக்குநர் பானோஸ் காஸ்மாட்டோஸைப் பற்றித் தெரிந்தால் தம்பியின் வாதம் கொஞ்சம் விளங்கும். அவருடைய அப்பா ஜார்ஜ் காஸ்மாட்டோஸும் இயக்குநர்தான். வீடியோ கேசட் காலத்தில் நம் வீடுகளிலும் ஓடிய ‘ராம்போ’ இரண்டாம் பாகத்தை 1985இல் இயக்கியவர். சிறுவயதில் பானோஸுக்குப் பேய்ப்படங்கள் பார்க்க அனுமதி இல்லை. வீடியோ கடையில் கேசட் அட்டைகளை மட்டும் பார்த்து, உள்ளே என்ன இருக்கும் என்று கதையைத் தானே கற்பனை செய்துகொள்வாராம். ‘மேண்டி’யின் நிறமும் மூட்டமும் அந்தச் சிறுவன் மனதில் ஓட்டிப் பார்த்த படங்களிலிருந்து வந்தவை.

அம்மா 1997இல் இறந்தார், அப்பா 2005இல். அந்தத் துக்கத்திலிருந்துதான் தன் முதல் படமும் ‘மேண்டி’யும் பிறந்தன என்று பானோஸ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2010இல் வந்த முதல் படம் உணர்ச்சியை உள்ளுக்குள் அடக்குவது பற்றியது. இரண்டாவது, அடக்கியதை வெளியே விடுவது பற்றியது.

இசையும் அப்படித்தான். ஐஸ்லாந்தைச் சேர்ந்த யோஹான் யோஹான்சன் இசையமைத்தார். படம் சண்டான்ஸில் திரையிடப்பட்ட சில வாரங்களில், 2018 பிப்ரவரியில், 48 வயதில் அவர் காலமானார். அவருடைய கடைசி வேலைகளில் இது ஒன்று. சண்டைக்காட்சியில்கூட அந்த இசை வெற்றி முழக்கம் போடுவதில்லை. பூமிக்கு அடியிலிருந்து யாரோ முனகுவது போலத்தான் கேட்கிறது.

அக்கா கட்சி: “அவள் ஏன் சாகணும்?”

மூன்று தீர்ப்புகளில் பதில் சொல்லக் கடினமானது அக்காவுடையது. ஓர் ஆண் கோபப்படுவதற்காக ஒரு பெண்ணைக் கொல்வது சினிமாவில் பழைய பழக்கம். நமக்கு அது புதிதே இல்லை. 2005இல் வந்த ‘கஜினி’யை எடுத்துக்கொள்ளுங்கள். கல்பனா கொல்லப்படுகிறாள், சஞ்சய் ராமசாமி பழிவாங்கக் கிளம்புகிறான். ஆனால் அந்தக் காதல் பகுதியை நாம் யாரும் இழுவை என்று சொல்லவில்லை. பாட்டு இருந்தது, சிரிப்பு இருந்தது, அசின் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தார். கல்பனா இறந்தபோது நமக்கே வலித்தது.

மேண்டியாக நடிக்கும் ஆண்ட்ரியா ரைஸ்பரோ அப்படிப் பேசுவதில்லை. அவளைப் பற்றி நமக்குக் கிடைப்பது துண்டு துண்டான செய்திகள்தான். சின்ன வயதில், பறவைக் குஞ்சுகளை அடித்துக் கொல்லச் சொன்ன அப்பாவிடமிருந்து ஓடியவள் என்று ஒரு கதை சொல்கிறாள். கண்ணுக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறது, காரணம் சொல்வதில்லை.

ஆனாலும் படத்தின் பெரிய அடி அவளுடையதுதான். சாமியார் தன் பழைய இசைத்தட்டைப் போட்டுக் காட்டி, அங்கியைத் திறந்து நின்று, தன்னைக் கடவுளாக ஏற்றுக்கொள்ளச் சொல்கிறான். போதை ஏற்றி உட்கார வைத்திருக்கும் மேண்டி அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். விடாமல் சிரிக்கிறாள். வரும் கும்பிடையெல்லாம் வாங்கிக்கொள்ளும் ‘கடவுளுக்கு’ ஒரு பெண்ணின் சிரிப்பு தாங்கவில்லை. அவளைக் கொன்றது அதற்காகத்தான். ரெட்டின் கோடரி பிற்பாடு செய்யும் வேலையை அந்தச் சிரிப்பு முன்கூட்டியே செய்து முடித்துவிட்டது என்று அக்காவிடம் சொன்னேன். “சரிதான். ஆனா சிரிச்சவள் செத்துட்டா, வெட்டினவன் இருக்கான்” என்றார். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

குளியலறை

எல்லாக் கட்சிகளும் மோதிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. மேண்டி சாம்பலான பிறகு ரெட் வீட்டுக்குள் வருகிறார். தொலைக்காட்சியில் பிள்ளைகளுக்கான ஏதோ ஒரு கோமாளித்தனமான உணவு விளம்பரம் ஓடுகிறது. பிறகு குளியலறைக்குள் போகிறார். உள்ளாடையோடு நின்று வோட்காவை வாயில் ஊற்றுகிறார், காயத்திலும் ஊற்றுகிறார். கத்துகிறார். உட்கார்ந்து அழுகிறார். மறுபடியும் கத்துகிறார். கேமரா வெட்டாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

கேஜ் கத்துவதை நகைச்சுவையாக்கி ரசிப்பது உலகம் முழுக்க ஒரு பொழுதுபோக்கு. அன்றிரவு எங்கள் வீட்டிலும் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

நான்கைந்து நாள் கழித்து, அதிகாலை நிகழ்ச்சிக்கு வண்டியோட்டிப் போகும்போதுதான் எனக்குச் சித்தப்பா ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் கிள்ளானில் சித்தி புற்றுநோயில் இறந்துபோனார். சித்தப்பா அழவே இல்லை. கூடாரம் போட்டாயிற்றா, நாற்காலி போதுமா, வந்தவர்கள் சாப்பிட்டார்களா என்று ஓடிக்கொண்டே இருந்தார். “தைரியமான மனுஷன்” என்று எல்லோரும் சொன்னார்கள். மூன்றாம் நாள் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தேன். குளியலறையில் குழாய் முழு வேகத்தில் திறந்திருந்தது. வாளி நிரம்பி வழியும் சத்தம். அந்தச் சத்தத்துக்குக் கீழே இன்னொரு சத்தம். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன். காலையில் அவர்தான் எல்லோருக்கும் தேநீர் கலந்து கொடுத்தார்.

அந்த வார இறுதியில் ‘மேண்டி’யைத் தனியாக உட்கார்ந்து மறுபடியும் பார்த்தேன். முதல் ஒரு மணி நேரம் இப்போது நீளமாகத் தெரியவில்லை. இரண்டு பேர் சும்மா உட்கார்ந்து கிரகங்களைப் பற்றிப் பேசுவதை அவ்வளவு நேரம் காட்டியதன் காரணம் அந்தக் குளியலறையில் புரிந்தது. ரெட்டிடமிருந்து பறிபோனது அந்த நேரம்தான். அதை நாமும் கொஞ்சம் வாழ்ந்திருக்காவிட்டால் அவர் கத்துவது நமக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும்.

பழிவாங்கும் படங்கள் ஏன் நம்மை இழுக்கின்றன என்பதும் அப்போது ஓரளவு விளங்கியது. அவை துக்கத்துக்கு ஒரு முகவரி தருகின்றன. இவன்தான் செய்தான், இவனை வெட்டினால் கணக்குத் தீரும் என்கின்றன. சித்தியைக் கொண்டுபோன நோய்க்கு அப்படி ஒரு முகம் இல்லை. சித்தப்பா யார் மேல் கோடரியைத் தூக்குவார்?

‘மேண்டி’ அந்தக் கணக்கும் தீர்வதில்லை என்று காட்டிவிடுகிறது. எல்லோரையும் கொன்று முடித்த ரெட், முகமெல்லாம் ரத்தமாக வண்டியோட்டிப் போகிறார். பக்கத்து இருக்கையில் மேண்டி தெரிகிறாள். அவர் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் ஜெயித்தவர் என்று சொல்லத் தோன்றாது. வானத்தில் அவர்கள் பேசிய கிரகங்கள் போல ஏதேதோ மிதக்கின்றன.

நீங்கள் பார்க்கலாமா?

பிள்ளைகளோடு வேண்டவே வேண்டாம். தாத்தா பாட்டியோடும் வேண்டாம். வெட்டுக்குத்தும் போதைப்பொருளும் நிர்வாணமும் நிறைய இருக்கின்றன. உயிரோடு எரிக்கும் காட்சி சிலருக்குப் பல நாள் தூக்கத்தைக் கெடுக்கும். சண்டை மட்டும் போதும் என்பவர்களுக்கு வேறு நல்ல படங்கள் இருக்கின்றன. பொறுமையும் மன தைரியமும் உள்ள பெரியவர்கள், கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்க்கலாம். பார்த்த பிறகு அத்தான் சொன்னதையே நீங்களும் சொன்னால் அதில் தப்பே இல்லை. அக்கா சொன்னதைச் சொன்னால் இன்னும் மரியாதை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போனேன். படத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை. சித்தியை முதல்முதலாக எங்கே பார்த்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். சித்தப்பா ஒரு மணி நேரம் பேசினார். நடுநடுவே நீண்ட இடைவெளிகள் விழுந்தன. நான் எதையும் போட்டு நிரப்பவில்லை.