வாக்குக் கேட்கும் வணிகர்

வாடிக்கையாளரின் வாக்கைக்கொண்டே சிறந்த நிறுவனத்தைத் தேர்ந்து பரிசளிக்கும் வழக்கம் இந்நாளில் பெருகியுள்ளது. கொட்டாஞ்சேனையிலே புடவைக்கடை வைத்திருக்கும் ஒருவர், துணி வாங்க வந்தவரிடம் தமக்கு வாக்களிக்கும்படி கேட்பது முறையாகுமா? கேட்பதில் யாதொரு குற்றமுமில்லை. வாக்குக்கு ஈடாக விலையிற் கழிவு தருவதும், சிப்பந்திகளைக்கொண்டு ஊரார் பெயரில் வாக்கிடுவிப்பதுமே குற்றம்.

வாக்கை எவ்வாறு எண்ணுவது என்பதும் எளிதன்று. இலங்கை வானொலி 1952ஆம் ஆண்டில், பற்பசை ஒன்றின் விளம்பரமாக, இந்தித் திரைப்பாடல்களுக்குரிய 'பினாக்கா கீத்மாலா'வை ஒலிபரப்பத் தொடங்கிற்று. அமீன் சயானி நடத்திய அந்நிகழ்ச்சியில், பாடல்களை வரிசைப்படுத்த இசைத்தட்டு விற்பனையும் நேயர் சங்கங்களின் விருப்பமும் சேர்த்துப் பார்க்கப்பட்டன. அது தக்க ஏற்பாடே. நூறு கடிதங்களை ஒருவரே எழுதிவிடலாம்; இசைத்தட்டுக்கோ பணம் கொடுக்கவேண்டும். விற்பனையை மட்டும் நம்பினாலோ, தட்டுத் தீர்ந்துபோன வாரத்தில் நல்ல பாட்டும் பின்தங்கிவிடும்.

2007ஆம் ஆண்டில் உலகின் புதிய ஏழு அதிசயங்களைத் தேர்ந்தபோது இத்தகைய காவல் இருக்கவில்லை. ஒருவரே பன்முறை வாக்களிக்க முடிந்தது. ஏழு மில்லியனுக்குக் குறைந்த குடிகளையுடைய ஜோர்தானிலிருந்து, பெத்ரா நகரின் பொருட்டு, 14 மில்லியன் வாக்குகள் குவிந்தனவாம்! யுனெஸ்கோ அம்முயற்சியில் தனக்குப் பங்கில்லையென அறிவித்தது.

ஆதலின் போட்டி நடத்துவோர், ஒருவருக்கு ஒரு வாக்கென்பதைப் பற்றுச்சீட்டைக்கொண்டாவது சரிபார்த்தல் வேண்டும். வணிகர் தம் பங்கிற்கு, எதிர்க்கடையின் பெயரும் அச்சிடப்பட்ட வாக்குத் தாளையே வாடிக்கையாளர் கையிற் கொடுக்கலாம்.