தாயோடு நின்றுவிடும் கிருமி

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெண் கருவுற்று அரசாங்க கிளினிக்குக்குப் போனால், அவருடைய இரத்தத்தில் எச்.ஐ.வி.யும் சோதிக்கப்படும். 1998 முதல் நாடெங்கும் இதே நடைமுறைதான். ஏன் தெரியுமா, மாணவர்களே?

கருவிலும், பிறக்கும்போதும், தாய்ப்பால் வழியாகவும் இக்கிருமி குழந்தைக்குத் தொற்றலாம். சிகிச்சை இல்லாவிட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்றும்.

எச்.ஐ.வி. தானாகப் பெருகாது. வெள்ளையணுவுக்குள் நுழைந்து, தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, அந்த அணுவையே தன்னைப் படியெடுக்க வைக்கும். மாத்திரைகள் இந்த வேலையைத் தடுக்கின்றன. தாய் நாள் தவறாமல் சாப்பிட்டுவந்தால், கிருமி சோதனையில் அகப்படாத அளவுக்குக் குறைந்துவிடும். பிறந்த குழந்தைக்கும் சில வாரங்கள் தடுப்பு மருந்து உண்டு. தாய்ப்பாலுக்குப் பதில் மாவுப்பால். இவையெல்லாம் சேர்ந்தால் தொற்று 100-க்கு 2-க்கும் கீழே இறங்கும்.

இப்படித்தான் 2018-இல், மேற்குப் பசிபிக் வட்டாரத்திலேயே தாய்-சேய்த் தொற்றை ஒழித்த முதல் நாடு என்று மலேசியாவுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

ஆனால், மாத்திரையை நிறுத்தினால் கிருமி மீண்டும் பெருகும். ஊரார் பேச்சுக்குப் பயந்து யாரும் மருந்தை விட்டுவிடக் கூடாது. தொட்டாலோ, சேர்ந்து சாப்பிட்டாலோ எச்.ஐ.வி. தொற்றாது. இதை வீட்டிலும் நண்பர்களிடமும் சொல்லுங்கள்; அதுவும் ஒரு மருந்துதான்.