பிங்சு: பாலில் விளையும் பனி

கோடையிலே குளிர்ந்ததை நாடுவது மனித இயல்பு. ஆனால் பனி பெய்தே அறியாத ஒரு மாவட்டத்தில், பங்குனி வெயிலில் அமர்ந்து, பனியை அள்ளித் தின்பது என்பது விஞ்ஞானம் நமக்களித்த விந்தைகளுள் ஒன்றன்றோ? அவ்விந்தைகளுள் ஒன்றாகிய ‘பிங்சு’ என்னும் கொரிய நாட்டு இனிப்பைப் பற்றியே இக்கட்டுரையில் கூற விரும்புகிறேன். ‘பிங்’ என்றால் பனிக்கட்டி. ‘சு’ என்றால் நீர். பெயர் இவ்வளவு எளியது. செய்முறையில்தான் இயற்பியல் ஒளிந்திருக்கிறது.

கொரியத் தின்பண்டம் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு எப்படி வந்தது என்று சிலர் வியக்கலாம். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1996இல் காலூன்றியது. 1998இல் அங்கிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கின. பின்னர்ச் சாம்சங் வந்தது. உதிரிபாகம் செய்து தரும் கொரியத் தொழிற்சாலைகளும் தொடர்ந்து வந்தன. பொறியாளர்கள் குடும்பத்துடன் வந்தார்கள். அவர்களுக்குச் சோறு வேண்டுமே! ஆகவே உணவகங்களும் வந்தன. இன்று அப்பக்கம் செல்வோர், கட்டமும் வட்டமுமான கொரிய எழுத்துகள் தமிழுக்கு அருகில் பெயர்ப்பலகையில் நிற்பதைக் காணலாம்.

என் அண்ணன் ஒரகடம் பக்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறார். திருமுக்கூடலிலிருந்து பாலாற்றுப் பாலத்தைக் கடந்து, வாலாஜாபாத்தில் பேருந்து மாறி, அவருடன் அத்தகைய ஓர் உணவகத்துக்குச் சென்றேன். விலைப்பட்டியலைப் பார்த்ததும் எழுந்துவிடலாமா என்று தோன்றியது. ஒரு கிண்ணம் 350 ரூபாய். அண்ணனுடைய ஒரு நாள் கூலியில் பாதிக்கு மேல். “ஒண்ணு வாங்கு, ரெண்டு ஸ்பூன் கேளு தம்பி” என்றார் அவர். கொரியர்களும் ஒரு கிண்ணத்தை நடுவில் வைத்து இருவர் மூவராகத்தான் உண்பார்களாம். எங்கள் சிக்கனம் அங்கே நாகரிகமாகிவிட்டது!

வந்த கிண்ணத்தில் வெண்மையான ஒரு குன்று. அதன்மேல் சர்க்கரையில் வேகவைத்து மசித்த சிவப்புப் பயறு, சிறு அரிசி மாவுக் கட்டிகள், வறுத்த சோயா மாவு, கொஞ்சம் கெட்டிப்பால். பனியின் தலையில் பயறா என்று முகஞ்சுளிக்க வேண்டா. அந்தச் சிவப்புப் பயறு நம் காராமணி, பாசிப்பயறு, உளுந்து ஆகியவற்றோடு ஒரே தாவரப் பேரினத்தைச் சேர்ந்தது. நாமும் காரடையான் நோன்பு அடையில் காராமணியையும் வெல்லத்தையும் சேர்க்கிறோம். சுழியத்துக்குள் பயற்றம் பூரணம் வைக்கிறோம். அரிசிக் கட்டி நம் கொழுக்கட்டைக்கு உறவு. சோயா மாவின் மணமோ பொட்டுக்கடலை மாவை நினைவூட்டியது. மலேசியாவுக்குச் சென்று வந்த உறவினர் உடையோர் ‘ஐஸ் கச்சாங்’ என்று கேள்விப்பட்டிருப்பர். கச்சாங் என்றால் மலாய் மொழியில் பயறு. ஆசியாவின் கிழக்குக் கரை நெடுகப் பனியும் பயறும் கூடி வாழ்கின்றன. நம் ஊர்தான் விதிவிலக்குப் போலும்.

இனி அந்த வெண்குன்றுக்கு வருவோம். அது வெறும் பனிக்கட்டித் தூள் அன்று. வாயில் வைத்தவுடன் பற்களுக்கு வேலையே இல்லாமல் மறைந்துவிடுகிறது. நம் திருவிழாக்களில் ஐஸ்காரர் கட்டியை இழைப்புளி போன்ற பலகையில் தேய்த்து, குச்சியில் அழுத்தி, சிவப்பும் பச்சையுமாகச் சாயநீர் ஊற்றித் தருகிறாரே, அது நறநறவென்று கடிபடும். சாயத்தை உறிஞ்சியபின் வெள்ளைக்கட்டி மட்டும் மிஞ்சும். இவ்விரண்டுக்கும் ஏன் இந்த வேற்றுமை?

முதற்காரணம் பரப்பு. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள பனிக்கட்டிக் கனசதுரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமுள்ள ஏடுகளாகச் சீவினால் 100 ஏடுகள் கிடைக்கும். பரப்பு 200 சதுர சென்டிமீட்டருக்கு மேல் ஆகிவிடும். ஒரு கிராம் பனிக்கட்டி உருக ஏறத்தாழ 80 கலோரி உள்ளுறை வெப்பம் வேண்டும் என்பதை முதலாண்டிலேயே படித்தோம். அவ்வெப்பத்தை நாக்கு 6 சதுர சென்டிமீட்டர் வழியே கொடுப்பதற்கும் 200 சதுர சென்டிமீட்டர் வழியே கொடுப்பதற்கும் எவ்வளவு வேற்றுமை! அப்படியானால் கிண்ணத்திலேயே அது உருகிவிடாதா எனலாம். ஏடுகளுக்கிடையே அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. குவியலின் மேற்புறம் கசிந்தாலும் உட்புறம் சற்று நேரம் நிற்கிறது.

இரண்டாவது காரணம் பால். நீரை மட்டும் உறைய வைத்தால் படிகங்கள் ஒன்றோடொன்று இறுகிப் பாறையாகும். பாலில் முதலில் உறைவது நீர்ப்பகுதியே. சர்க்கரையும் உப்புகளும் எஞ்சிய நீரில் செறிந்து, அந்நீரின் உறைநிலையை மேலும் தாழ்த்துகின்றன. ஆகவே படிகங்களுக்கு நடுவே உறையாத பாகு தங்குகிறது. கொழுப்புத் துளிகளும் படிகங்கள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கின்றன. உணவகத்தில் வேலை செய்த மணிப்பூர் இளைஞர் ஒருவர் இயந்திரத்தைக் காட்டினார். சுழியத்துக்கு வெகு கீழே குளிரூட்டிய ஓர் உருளை சுழல்கிறது. இனிப்பூட்டிய பால் அதன்மேல் வழிந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் தோலாக உறைகிறது. ஒரு கத்தி அதைச் சுரண்டித் தள்ளுகிறது. விரைந்து உறைவதால் படிகங்கள் பெரிதாக வளர நேரமில்லை.

குளிரில் நாக்கின் இனிப்பு உணர்ச்சி மங்கும். உருகிப்போன ஐஸ்கிரீம் திகட்டுவது இதனால்தான். கெட்டிப்பாலைத் தாராளமாக ஊற்றுவதன் சூட்சுமமும் இதுவே.

குளிர்ச்சி எக்காலத்திலும் எல்லார்க்கும் எட்டியதன்று. கொரியாவில் கி.பி. 505லேயே சில்லா அரசர் பனிக்கட்டியைச் சேமிக்க ஆணையிட்டதாக அந்நாட்டு வரலாற்று நூல் கூறுகிறது. பின்னாளில் குளிர்காலத்தில் உறைந்த ஹான் ஆற்றை வெட்டிக் கிடங்குகளில் அடுக்கினர். கோடையில் அது அரண்மனைக்கும் அதிகாரிகளுக்கும் பங்கிடப்பட்டது. கியோங்ஜு நகரில் 1738இல் கட்டிய கற்கிடங்கு இன்றும் உள்ளது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் எங்கள் ஊரில் உறையும் ஆறு ஏது? கோடையில் நீரே அரிது. எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையைப் பற்றிப் பேசுகிறது. குடிநீரில் இடுவதற்கு ஏலமும் வாசனை வேரும் வாங்கப் பொருள் ஒதுக்கியதையும் அது சொல்கிறது. மண்பானையும் வேருமே அன்றைய குளிர்ச்சி.

பனிக்கட்டி நம் பக்கம் வந்ததோ கப்பலில்! அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வணிகர் பிரடெரிக் டியூடர், அங்குள்ள ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதித்து 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணத்தில் கரைந்தது போக, ஏறத்தாழ 100 டன் மிஞ்சியது. சென்னைக் கடற்கரையில் 1842இல் அவர் கட்டிய கிடங்குதான் ‘ஐஸ் ஹவுஸ்’. 1897இல் சுவாமி விவேகானந்தர் தங்கிய அக்கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது. அந்தப் பனிக்கட்டி துரைமார்களின் கோப்பைக்குப் போனதேயன்றி எங்கள் பாட்டன்மார் கைக்கு வந்திராது. இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை வந்தபின் அவ்வணிகம் நசித்தது, விலை சரிந்தது, திருவிழா ஐஸ்காரர் பிறந்தார்.

இங்கேதான் நான் முக்கியமாகக் கருதும் செய்தி ஒன்று உண்டு. குளிர்ச்சி கிருமியைக் கொல்லும் என்று நம் ஊர்களில் பலர் நம்புகின்றனர். இது தவறு. டைபாய்டு, வயிற்றுப்போக்கு முதலிய நோய்க் கிருமிகள் உறைநிலையில் பெரும்பாலும் அடங்கியிருக்குமேயன்றி அழியா. நாக்கில் உருகியதும் விழித்துக்கொள்ளும். மீனைக் கெடாமல் வைக்கவும் பனிக்கட்டி செய்யப்படுகிறது. அதுவும் தின்பதற்குரியதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்ததால், தின்னத் தகாத பனிக்கட்டிக்கு நீலச்சாயம் இட வேண்டும் என்ற விதி 2018 ஜூன் முதல் இந்தியா முழுதும் நடைமுறைக்கு வந்தது. நம் கல்லூரி நண்பர்கள் எத்தனை பேர் இதை அறிவர்? நீலக்கட்டியைக் கண்டால் அது மீனுக்கு என்று அறிக. சிக்கல் என்னவென்றால், நீலமில்லாத கட்டியெல்லாம் நல்ல நீரில் ஆனது என்று உறுதி சொல்ல முடியாது. தேய்த்து, சிவப்புச் சாயம் ஊற்றியபின் எந்தக் கண்ணுக்கு என்ன தெரியும்? 350 ரூபாய் கொடுப்பவனுக்குக் காய்ச்சிய பாலின் பனி. பத்து ரூபாய் கொடுக்கும் சிறுவனுக்கு எந்த நீரின் பனி? ஐஸ்காரரைக் குறை கூறுவதில் பயனில்லை. அவரும் கட்டியை விலைக்கு வாங்குபவரே. கட்டி எங்கே, எந்த நீரில் உறைந்தது என்பதைத் திருவிழாவுக்கு முன்பே ஊராட்சி கேட்டறியலாம்.

வீட்டிலேயே செய்யவும் வழியுண்டு. ஒரு லிட்டர் எருமைப்பாலை முக்கால் லிட்டராகச் சுண்டக் காய்ச்சி, சர்க்கரை இட்டு ஆறவைத்து, டம்ளர்களில் ஊற்றி, பக்கத்து வீட்டு அத்தையின் ஃபிரிட்ஜில் ஓர் இரவு வைத்தேன். மறுநாள் டம்ளரை ஒரு கணம் நீரில் அமிழ்த்தினால் கட்டி கழன்று வரும். கேரட் துருவியில் தேய்த்தேன். உருளை இயந்திரத்தின் மென்மை வரவில்லை. ஆயினும் பஞ்சுக்கு அருகில் வந்தது. மேலே, வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து மசித்த காராமணி. ஐந்து பேர் உண்டோம். அம்மா இரண்டு வாய் தின்றுவிட்டு, “இது காராமணிச் சுண்டல்தானேடா, இதுக்கா ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் போனீங்க?” என்றார்.