கணக்கின் நகல் இருக்கிறதா? திறந்து பார்த்தீர்களா?

மளிகை மொத்த வியாபாரத்தில் இருக்கும் நாங்கள் கம்ப்யூட்டரைப் பற்றி எழுத வந்திருப்பது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். நாங்கள் படித்தது பள்ளிக்கூடப் படிப்பு. பழகியது பேரேட்டுக் கணக்கு. ஆயினும் 2025 மார்ச் மாதத்தில், ஆண்டுக் கணக்கு முடிக்கப் பதினேழு நாள் இருக்கையில், எந்தக் கடை எவ்வளவு பாக்கி என்று தெரியாமல் ஐந்து நாள் கல்லாவில் உட்கார்ந்திருந்தோம். அது நம் சங்கத்து வியாபாரிகள் வேறு யாருக்கும் நேரக் கூடாது என்பதால் நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறோம்.

காரைக்குடியில் உள்ள எங்கள் கடையில் தேவகோட்டை, கல்லல், புதுவயல், பள்ளத்தூர், கானாடுகாத்தான் ஆகிய ஊர்களின் சில்லறைக் கடைக்காரர்கள் சரக்கு எடுக்கிறார்கள். பெரும்பாலும் பதினைந்து நாள் தவணை. பருப்பு, புளி, வற்றல் எல்லாம் கடனில்தான் போகும். வசூல் சில்லறை சில்லறையாக வரும். ஆகவே எங்கள் முதலில் பாதி எப்போதும் பாக்கியாகத்தான் நிற்கிறது. அந்தப் பாக்கி முழுவதும் கம்ப்யூட்டர் பேரேட்டில் இருக்கிறது. முன்பு கைச்சிட்டையும் வைத்திருந்தோம். இரட்டை வேலை என்று சில ஆண்டுகளுக்கு முன் நாங்களே நிறுத்திவிட்டோம்.

கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எல்லாரும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை விண்டோஸை மாற்ற வேண்டி வருகிறது. எக்ஸ்பி என்ற பதிப்புக்கு 2014 ஏப்ரல் 8-லும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் மைக்ரோசாஃப்ட் கம்பெனி ஆதரவை முடித்துக்கொண்டது. ஆதரவு முடிந்தால் கம்ப்யூட்டர் நின்றுவிடாது. ஆனால் திருட்டு, வைரஸ் இவற்றுக்கு எதிரான திருத்தங்கள் வராது. விண்டோஸ் 10 வைத்திருப்போர் தனியாகப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை திருத்தம் தருவதாக ஒரு திட்டமும் அறிவித்தார்கள். நாங்கள் அதற்கெல்லாம் காத்திராமல், 2024 தீபாவளி வியாபாரம் முடிந்த கையோடு மாற்றிவிட்டோம். முந்திக்கொண்டோம் என்ற பெருமை அப்போது இருந்தது.

மாற்றியவர் நன்றாக வேலை தெரிந்த ஒரு இளைஞர். டிஸ்கைச் சுத்தமாக ஃபார்மேட் செய்து விண்டோஸ் 11 போட்டார். கணக்கு டேட்டாவை முதலிலேயே எடுத்து வைத்திருந்து திரும்பப் போட்டார். பழைய பாக்கி ஒரு ரூபாய் மாறாமல் வந்தது. பில் பிரிண்டர் மட்டும் இரண்டு நாள் முரண்டு பிடித்தது. கோளாறு வேறு இடத்தில் இருந்ததால் எங்கள் கண்ணில் படவில்லை.

தினமும் இரவு எட்டரை மணிக்குக் கணக்கப்பிள்ளை ஒரு வெளி ஹார்ட் டிஸ்கைச் செருகுவார். கம்ப்யூட்டர் தானாகவே அன்றைய கணக்கை அதில் நகல் எடுக்கும்படி பல ஆண்டுகளுக்கு முன் ஒருவர் ஏற்பாடு செய்து கொடுத்திருந்தார். அந்த ஏற்பாடு டேட்டாவில் இல்லை, விண்டோஸுக்குள் இருந்தது. ஃபார்மேட் செய்ததும் அதுவும் போய்விட்டது. கணக்கப்பிள்ளை வழக்கம் போல டிஸ்கைச் செருகினார், நீல விளக்கு எரிந்தது, கால் மணி கழித்துக் கழற்றி இரும்புப் பெட்டியில் வைத்தார். இப்படி நான்கு மாதம். விளக்கு எரிவதற்கு மின்சாரம் வந்தால் போதும் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

கணக்கு மென்பொருளில் இருக்கும் பேக்கப் வசதியைக் கொண்டு அவர் வாரம் ஒரு நகலும் எடுத்து வந்தார். அதை வைத்தது அதே கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பில். புதிய விண்டோஸில் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், படங்கள் முதலான இடங்களில் உள்ளவற்றை ஒன்டிரைவ் என்ற இணையப் பெட்டகத்துக்கு அனுப்பும் வசதி உண்டு. இலவசமாகத் தரும் இடம் 5 ஜி.பி. மட்டுமே. பேரன் காதுகுத்து போட்டோக்களை நாங்கள் ஏற்றி வைத்திருந்ததில் அந்த இடம் நிறைந்துவிட்டது. இடமில்லை என்று மூலையில் ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பு வரும். வந்தவுடன் கணக்கப்பிள்ளை அதை மூடிவிடுவார். "விளம்பரம்னு நெனச்சேன் முதலாளி" என்றார் பிறகு. அவரைக் குற்றம் சொல்ல நமக்கு வாய் இல்லை. நாங்களும் பார்த்திருக்கிறோம், மூடியிருக்கிறோம்.

மார்ச் 14-ஆம் தேதி காலை கம்ப்யூட்டர் கிளம்பவில்லை. மதர்போர்டு போய்விட்டது என்று பார்த்தவர் சொல்லி, மாலைக்குள் வேறு போர்டு மாற்றினார். திரை எரிந்தது. விண்டோஸுக்குப் பதிலாக நீலத் திரையில் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டது.

இந்த 48 இலக்கம் என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2024 பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 11 பதிப்பைப் புதிதாகப் போட்டு, மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்றின் மூலம் உள்ளே நுழைந்தால், பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் டிஸ்க் முழுவதும் தானாகவே பூட்டு எழுத்தில் மாறிவிடுகிறது. இதற்கு பிட்லாக்கர் என்று பெயர். நல்ல ஏற்பாடுதான், டிஸ்கைத் திருடிக்கொண்டு போனாலும் படிக்க முடியாது. இந்தப் பூட்டு டி.பி.எம். என்னும் பாதுகாப்புப் பகுதியை நம்பி இருக்கிறது. போர்டு மாறினால் அதுவும் மாறிவிடும். அப்போது விண்டோஸ், இது வேறு மெஷின், யாரோ டிஸ்கைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று எண்ணி மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண், விண்டோஸ் போடும்போது எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தோமோ அந்தக் கணக்கில் இருக்கும். கைவசம் எண் இல்லையென்றால் டிஸ்க் நன்றாக இருந்தும் பயனில்லை. எந்த மெக்கானிக்காலும் திறக்க முடியாது.

எங்கள் கம்ப்யூட்டரில் நுழைந்த கணக்கு எங்களுடையது அன்று. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அந்த இளைஞர் தம்முடைய மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் கொடுத்து அமைத்திருந்தார். நாங்களும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அவர் தை மாதம் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்.

இரும்புப் பெட்டியிலிருந்து வெளி டிஸ்கை எடுத்துப் பக்கத்துக் கடைக் கம்ப்யூட்டரில் செருகினோம். கடைசி நகலின் தேதி தீபாவளிக்கு மறு வாரம். நான்கு மாதப் பற்றும் வரவும் காணோம்.

நமக்குப் பில் எல்லாம் ஜி.எஸ்.டி. தளத்தில் இருக்கிறதே என்று ஆடிட்டர் ஆறுதல் சொன்னார். அதில் பாதிதான் உண்மை. நாங்கள் மாதாமாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்பவர்கள். ஆகவே பிப்ரவரி முடிய, ஜி.எஸ்.டி. எண் உள்ள கடைகளுக்குப் போட்ட பில் ஒவ்வொன்றும் அங்கே கிடைத்தது. எண் இல்லாத பெட்டிக்கடைக்காரர்களுக்குக் கொடுத்த சரக்கு மொத்தத் தொகையாக மட்டுமே இருந்தது. யாருக்கு எவ்வளவு என்று இல்லை. வசூலான பணம், திரும்பி வந்த மூட்டை, தள்ளிக் கொடுத்த பத்து ரூபாய் இருபது ரூபாய் எதுவும் அங்கே இருக்காது. சர்க்காரிடம் இருப்பது நாம் விற்ற கணக்கு. நமக்கு வரவேண்டிய கணக்கு நம்மிடம்தான் இருக்க வேண்டும்.

ஐந்து நாளும் வசூல் பையன் கொண்டுவரும் பணத்துக்கு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். பழைய பில் பிரதிகளை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்கினோம். கடைக்காரர்களிடம் உள்ளதைச் சொல்லி, அவரவர் நோட்டைக் கொண்டுவரக் கேட்டோம். சொல்வதா வேண்டாமா என்று ஒரு இரவு முழுக்க யோசித்தோம் என்பதையும் மறைக்கவில்லை. பெரும்பாலோர் கொண்டுவந்தார்கள். கல்லல் பக்கம் பெட்டிக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மாள், நாங்கள் உத்தேசமாகச் சொன்ன தொகையைவிடத் தம் நோட்டில் அறுநூறு ரூபாய் கூடுதலாக இருக்கிறது என்று காட்டினார். தொகையைக் குறைத்துச் சொன்ன இருவரும் உண்டு, பெயர் வேண்டாம்.

ஆறாம் நாள் சிங்கப்பூர் இளைஞர் கிடைத்தார். அவர் கணக்கில் நுழைய ஓ.டி.பி. வரவேண்டிய இந்திய சிம் கார்டு ஊரில் அவர் தாயார் போனில் இருந்தது. அந்தத் தாயார் எண்ணை ஒவ்வொன்றாகப் படிக்க, மகன் அங்கே தட்ட, கடைசியில் 48 இலக்கமும் வாட்ஸ்அப்பில் எங்களுக்கு வந்து சேர்ந்தது. திறந்தது. கணக்கு முழுவதும் அப்படியே இருந்தது. சிம் ரீசார்ஜ் இல்லாமல் முடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறோம்.

நகல் எடுப்பது நமக்குப் புதிது அன்று. இந்த வட்டாரத்துப் பெரிய வீட்டுக் கடைகள் ரங்கூன், மௌல்மீன், பினாங்கு, ஈப்போ என்று இருந்த காலத்தில், மூன்றாண்டுக் கணக்குக்குப் போகும் ஏஜெண்டு அங்கே நாள்வழியும் பேரேடும் எழுதுவதோடு, ஐந்தொகை எடுத்து ஊருக்கும் அனுப்புவார். முதலாளி அடிக்கடி கப்பலேறிப் போய்ப் பார்க்க முடியாது. வந்த தாளைத்தான் வரி வரியாகப் பார்க்க வேண்டும். 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது கடையைப் போட்டது போட்டபடி விட்டு நடந்தே வந்தவர்கள் பலர். ஊரில் பிரதி இருந்தவர்களுக்கு, போனது எவ்வளவு என்றாவது தெரிந்தது என்று எங்கள் சிறு வயதில் பெரியவர்கள் பேசக் கேட்டிருக்கிறோம். அந்தப் பிரதி வேறு ஊரில் இருந்தது. அதை ஒருவர் படித்தும் பார்த்தார். எங்கள் நகலுக்கு இந்த இரண்டுமே இல்லை.

சட்டமும் இதைக் கேட்கிறது. மின்னணு முறையில் கணக்கு வைப்போர், விபத்திலோ இயற்கைச் சேதத்திலோ கணக்கு அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி நகல் வைத்திருக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. விதிகளில் 57-ஆவது விதி. ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய தேதியிலிருந்து 72 மாதம் கணக்கைக் காப்பாற்ற வேண்டும். 2024-25 கணக்கு என்றால் 2031 டிசம்பர் முடிய. அதற்குள் விண்டோஸும் மாறும், கணக்கு மென்பொருளும் மாறும். புதிய பதிப்பில் திறந்து மாற்றப்பட்ட டேட்டாவைப் பழைய பதிப்பில் திறக்க முடியாமல் போவது டாலி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஆகவே மாற்றுவதற்கு முந்தைய நகலைத் தனியாக, எந்தப் பதிப்பில் எடுத்தது என்று டிஸ்கின் மேலேயே எழுதி வைப்பது நல்லது.

விண்டோஸை மாற்றப் போகிறவர்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கடை உரிமையாளரின் சொந்தக் கைபேசி எண்ணில், தம் கையாலேயே அமைக்கட்டும். மீட்பு எண்ணைத் தாளில் எழுதி இரும்புப் பெட்டியில் வைக்கட்டும். பூட்டு வேண்டாம் என்றால் செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற இடத்தில் நிறுத்தவும் செய்யலாம், நாங்கள் நிறுத்தவில்லை. ஃபார்மேட் செய்யாமல் மேலேயே மாற்றினால் பழைய விண்டோஸ் பத்து நாள் மட்டும் விண்டோஸ்.ஓல்டு என்ற பெயரில் கிடக்கும், பிறகு தானாக அழிந்துவிடும். புதிய விண்டோஸில் பேக்கப் என்றே பெயர் வைத்த ஒரு புரோகிராம் இருக்கிறது. அது டெஸ்க்டாப் முதலான அந்த இடங்களையும் சில அமைப்புகளையும்தான் பார்த்துக்கொள்ளும். டி டிரைவில் இருக்கும் உங்கள் கணக்கு டேட்டாவைத் தொடாது. கன்ட்ரோல் பேனலில் தேடினால் விண்டோஸ் 7 பெயரிலேயே ஒரு பழைய பேக்கப் வசதி இன்னும் உட்கார்ந்திருக்கிறது. விண்டோஸ் 11-க்குள் 7 எதற்கு என்று எங்களைக் கேட்காதீர்கள்.

வெளி டிஸ்கைச் செருகியபடியே விட்டுவிடும் பழக்கமும் சில கடைகளில் உண்டு. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணப்பறிப்பு வைரஸ் உலகம் முழுதும் பரவி, ஆந்திர மாநிலக் காவல்துறைக் கம்ப்யூட்டர்கள் சிலவற்றையும் பிடித்தது. அந்த வகை வைரஸ் செருகியிருக்கும் டிஸ்கில் உள்ள நகலையும் சேர்த்தே பூட்டிவிடும்.

எங்கள் கடையில் இப்போது இரண்டு டிஸ்க். ஒற்றைப்படைத் தேதிக்கு ஒன்று, இரட்டைப்படைத் தேதிக்கு ஒன்று. அன்றைய டிஸ்க் இரவு வீட்டுக்கு வந்துவிடும். இரண்டும் சேர்ந்து இரண்டு மூட்டை வற்றல் விலைக்குள் அடங்கிவிட்டன. நகல் எடுத்ததும் கணக்கப்பிள்ளை ஃபைலின் தேதி, நேரம், அளவு மூன்றையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். மீட்பு எண்ணும் அந்த நோட்டின் முதல் பக்கத்தில்தான் முதலில் எழுதப்பட்டது. அவர் அதற்கும் பிள்ளையார் சுழி போட்டிருந்தார். நோட்டு எல்லார் கையிலும் புழங்குகிறதே என்று பிறகு அந்தப் பக்கத்தைக் கிழித்து உறையில் போட்டுப் பெட்டிக்குள் வைத்தோம்.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அந்த டிஸ்கை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவில் இருக்கும் மருமகன் கடைக்குப் போகிறோம். அவருடைய கம்ப்யூட்டரில் எங்கள் கணக்கை ஏற்றி, ஏதாவது மூன்று கடைகளின் பாக்கியை எங்கள் தாளோடு ஒத்துப் பார்க்கிறோம். முதல் முறை ஒன்றரை மணி நேரம் ஆயிற்று, கடவுச்சொல் மறந்துபோனதால். போன மாதம் பதினொரு நிமிடம்.